பிள்ளையின் ஒப்பரேசனும் றப்பர் அலர்ஜியும்: கேட்ட கேள்விகள், என் பதில்கள்

பல வருடம் தியேட்டரில் தாதியாக இருந்தவள் என்பதால் யாழ்ப்பாணத்துத் தாய்மார் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

சாவகச்சேரி அம்மா: மகனுக்கு 6 வயது. பலூன் ஊதினால் உதடு வீங்கும். அடுத்த மாதம் ஏர்னியா ஒப்பரேசன். இதையும் சொல்ல வேண்டுமா அக்கா?

கட்டாயம், இன்றைக்கே சொல்லுங்கள் தங்கச்சி. பலூனும் பல கையுறைகளும் ஒரே றப்பர் மரத்துப் பாலில்தான் (லேட்டெக்ஸ்) செய்யப்படுகின்றன, அந்தப் பாலில் உள்ள புரதம்தான் ஒத்துக்கொள்வதில்லை. கிளினிக்கில் சொன்னது தியேட்டர் வரை போய்ச் சேரும் என்று நம்பி இருக்காதீர்கள். மயக்க மருந்து டொக்டரிடமும், தியேட்டருக்குக் கூட்டிப்போகும் தாதியிடமும் திரும்பவும் சொல்லுங்கள், கொப்பியின் முன்மட்டையில் எழுதச் சொல்லுங்கள். காலையில் முதல் ஆளாக எடுக்க முடியுமா என்றும் கேளுங்கள், ஏனென்றால் முந்திய ஒப்பரேசன்களின் கையுறைத் துகள் அப்போது காற்றில் குறைவாக இருக்கும்.

பருத்தித்துறை அப்பா: மகள் முள்ளந்தண்டு மூடாமல் பிறந்தவள். இரண்டு ஒப்பரேசன் முடிந்தது, ஒன்றும் நடக்கவில்லை. இனியும் பயப்பட வேண்டுமா?

அண்ணா, உங்கள் மகள் மாதிரிப் பிள்ளைகளைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். இப்படி முள்ளந்தண்டு மூடாமல் பிறக்கும் ஸ்பைனா பிபிடா பிள்ளைகளுக்குப் பிறந்த நாளிலிருந்தே ஒப்பரேசன், சிறுநீர்க் குழாய் என்று றப்பர் உடம்புக்குள் பட்டுக்கொண்டே இருக்கும், ஒவ்வொரு முறையும் ஒவ்வாமை வரும் வாய்ப்புக் கூடும். அதனால் முதல் இரண்டும் நன்றாகப் போனது மூன்றாவதற்கு உத்தரவாதம் இல்லை. அறிகுறி இல்லாவிட்டாலும் இவர்களுக்குத் தொடக்கத்திலிருந்தே றப்பர் பால் இல்லாத சாமான்தான் பாவிக்க வேண்டும். வீட்டில் வைக்கும் குழாயையும் சிலிக்கோனாகக் கேளுங்கள்.

கோப்பாய் அக்கா: மயக்கத்தில் இருக்கும் பிள்ளைக்கு அலர்ஜி வந்தால் எப்படித் தெரியும்?

கஷ்டம்தான். பிள்ளையால் சொல்ல முடியாது, தடிப்பு துணிக்குக் கீழே மறைந்துவிடும். மருந்து அலர்ஜி பெரும்பாலும் ஊசி போட்டதும் வரும், றப்பர் அலர்ஜியோ வெட்டத் தொடங்கி அரை மணி, ஒரு மணி கழித்தும் வரலாம், அதுவும் கையுறை வயிற்றுக்குள் படும் நேரம். பிரஷர் விழும், மூச்சுக்குழாய் இறுகும். உடனே கையுறையை மாற்றி, றப்பரை எல்லாம் அகற்றி, அட்ரினலின் கொடுப்பார்கள்.

நல்லூர் தம்பி: முதல் நாளே அலர்ஜிக் குளிசை கொடுத்தால் போதாதா?

போதாது தம்பி. பிரிட்டோன் போன்ற அலர்ஜிக் குளிசையும் ஸ்டீரொயிட்டும் கடும் தாக்கத்தைத் தடுக்கும் என்று நம்பக் கூடாது. றப்பரே படாமல் பார்ப்பதுதான் வழி.

கொடிகாமம் அம்மா: வாழைப்பழம் தின்றால் மகளுக்கு வாய் அரிக்கும். இதற்கும் சம்பந்தமா?

இருக்கலாம். வாழைப்பழம், பப்பாசி, ஆனைக்கொய்யா, கிவி ஆகியவற்றில் றப்பர் பாலின் புரதத்தைப் போன்ற புரதங்கள் உண்டு. அரிப்பை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள், ஆனால் ஒப்பரேசனுக்கு முன் டொக்டரிடம் சொல்லிவிடுங்கள், தேவையென்றால் இரத்தப் பரிசோதனை செய்வார்கள்.

மானிப்பாய் அண்ணா: பவுடர் இல்லாத கையுறை என்றால் பயமில்லையா?

பவுடர் அந்தப் புரதத்தைக் காற்றில் பரப்பும், அதனால்தான் அமெரிக்காவில் 2017 இல் பவுடர் கையுறைகளைத் தடை செய்தார்கள். ஆனால் பவுடர் இல்லாததும் றப்பர் பாலாக இருக்கலாம். அலர்ஜி உள்ள பிள்ளைக்கு நைட்ரைல் போன்ற செயற்கைக் கையுறைதான் வேண்டும், பல்லுப் பிடுங்கப் போனாலும் இதையே கேளுங்கள்.