ஜூனியர் ஸ்நூக்கர் பட்டம் எங்கே கொண்டு சேர்க்கும்? தக்கலையிலிருந்து எழுதிய தாய்க்கு

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதம் கிடைத்தது. பதினொன்றாம் வகுப்பில் உயிரியல் பிரிவு படிக்கும் உங்கள் மகள், தாய்மாமன் உறுப்பினராக இருக்கும் நாகர்கோவில் கிளப் ஒன்றில் ஸ்நூக்கர் ஆடக் கற்றுக்கொண்டு, இப்போது மாநில ஜூனியர் தேர்வுப் போட்டிக்குச் சென்னை போக வேண்டும் என்கிறாள். அவளுடைய அப்பா மஸ்கட்டிலிருந்து “முதலில் நீட் முடியட்டும்” என்கிறார். இந்த ஆட்டத்தில் சிறுவயதில் ஜெயித்தவர்கள் பின்னால் என்ன ஆனார்கள், இது ஒரு பிழைப்புக்கு உதவுமா என்று நீங்கள் கேட்கிறீர்கள். ஜெயித்தவர்களின் வரலாற்றைப் பார்த்தாலே பாதிப் பதில் கிடைத்துவிடும் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ஸ்நூக்கர் வெளிநாட்டிலிருந்து வந்த பணக்காரப் பொழுதுபோக்கு என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வதாக எழுதியிருந்தீர்கள். உண்மையில் இது இந்திய மண்ணில் பிறந்த ஆட்டம். 1875இல் ஜபல்பூரில் இருந்த நெவில் சேம்பர்லேன் என்ற இளம் ராணுவ அதிகாரி, பில்லியர்ட்ஸ் மேசையில் வண்ணப் பந்துகளைச் சேர்த்து ஆடத் தொடங்கியதிலிருந்து இது உருவானது என்பதே பரவலாக ஏற்கப்பட்ட வரலாறு. அதன் விதிகள் சில ஆண்டுகளுக்குப் பின் எழுத்து வடிவம் பெற்ற இடம் நம் ஊட்டி கிளப். ஆனாலும் நெடுங்காலம் இது கிளப் சுவர்களுக்குள்ளேயே இருந்தது. உறுப்பினர் வீட்டுப் பிள்ளைகளும், மேசையைத் துடைத்துப் புள்ளிக் கணக்கு எழுதிய மார்க்கர்களும்தான் ஆட முடிந்தது. நம் மாவட்டத்தில் கைப்பந்துக்கும் கால்பந்துக்கும் கடற்கரைக் கிராமங்கள் திரண்டு நிற்பதுபோல ஸ்நூக்கருக்கு ஆள் திரளாததற்கு அந்தப் பழைய வேலியும் ஒரு காரணம். பெரியவர்களின் தயக்கம் அங்கிருந்து வருகிறது. அதைக் குறை சொல்ல மாட்டேன்.

அந்த வேலியைத் தாண்டி இந்த ஆட்டத்துக்கு நாட்டில் மரியாதை தேடித் தந்தவர்களில் முதலாமவர் வில்சன் ஜோன்ஸ். 1958இல் கல்கத்தாவில் உலக அமெச்சூர் (தொழில்முறை அல்லாத) பில்லியர்ட்ஸ் பட்டத்தை வென்றபோது, எந்த விளையாட்டிலும் இந்தியர் ஒருவர் பெற்ற முதல் உலகப் பட்டம் அதுவாக இருந்தது. ஸ்நூக்கரில் 1984இல் டப்ளினில் ஓம் அகர்வால் உலக அமெச்சூர் சாம்பியன் ஆனார். 1987இல் 21 வயதுக்கு உட்பட்டோருக்கான உலக ஸ்நூக்கர் சாம்பியன்ஷிப் தொடங்கியது. உங்கள் கேள்விக்கு நேராகப் பதில் சொல்வது இந்தப் போட்டியின் பட்டியல்தான்.

1989இல் அதை வென்ற அயர்லாந்தின் கென் டோஹெர்ட்டி 1997இல் தொழில்முறை உலக சாம்பியன் ஆனார். 1990இல் வென்ற இங்கிலாந்தின் பீட்டர் எப்டன் அந்த இடத்தை 2002இல் அடைந்தார். 2002இல் ஜூனியர் பட்டம் வென்ற சீனாவின் டிங் ஜுன்ஹுய் மறு ஆண்டே பதினாறு வயதில் தொழில்முறை வீரரானார். ஆனால் உலக சாம்பியன்ஷிப் இறுதிப் போட்டிக்கு வர அவருக்கு 2016 வரை ஆனது. 2003இல் வென்ற ஆஸ்திரேலியாவின் நீல் ராபர்ட்சனுக்கு அந்தப் பட்டமே தொழில்முறைச் சுற்றுக்குள் மீண்டும் நுழையும் வாய்ப்பைத் தந்தது. கையில் சொற்பப் பணத்தோடு இங்கிலாந்து போய் இறங்கிய அவர் 2010இல் உலக சாம்பியன் ஆனார். இந்தப் போட்டி 2007இல் கோவாவில் நடந்தபோது வென்ற மைக்கேல் ஜார்ஜியூவோ, தொழில்முறைச் சுற்றிலிருந்து விழுந்து, மறுபடி ஏறி, தொழில்முறைத் தரவரிசைக்குக் கணக்காகும் போட்டி ஒன்றில் முதல் பட்டத்தை 2018இல்தான் பெற்றார். இத்தனைக்கும் இவர்கள் எல்லாரும் உலக ஜூனியர் சாம்பியன்கள். பட்டத்துக்கும் நிலையான வருமானத்துக்கும் நடுவே ஏழு, எட்டு, பன்னிரண்டு ஆண்டுகள் கிடக்கின்றன என்பதை உங்கள் கணவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அவர் கவலையில் நியாயம் இருக்கிறது.

அந்த இடைவெளியை நம் நாட்டு ஆட்டக்காரர்கள் எப்படிக் கடந்தார்கள் என்பதுதான் உங்களுக்கு அதிகம் பயன்படும். இந்திய பில்லியர்ட்ஸ் ஸ்நூக்கர் கூட்டமைப்பு நடத்தும் தேசிய சாம்பியன்ஷிப்பில் சீனியருக்குக் கீழே 21 வயதுக்கு உட்பட்ட ஜூனியர் பிரிவும், அதற்கும் கீழே சப்-ஜூனியர் பிரிவும், இரண்டிலும் பெண்களுக்குத் தனிப் போட்டியும் உண்டு. பெங்களூரின் பங்கஜ் அத்வானி இந்த ஏணியில் ஏறியவர். பத்து வயதில் அண்ணன் ஸ்ரீயின் பின்னால் ஸ்நூக்கர் பார்லருக்குப் போய் வேடிக்கை பார்த்தவர், முன்னாள் தேசிய சாம்பியன் அரவிந்த் சாவூரிடம் பயிற்சிக்குச் சேர்ந்து, 2000இல் தேசிய ஜூனியர் பில்லியர்ட்ஸ் பட்டத்தையும் 2003இல் ஜூனியர் ஸ்நூக்கர் பட்டத்தையும் வென்று, அதே ஆண்டு சீனாவில் உலக அமெச்சூர் ஸ்நூக்கர் சாம்பியனாகத் திரும்பினார். 2024இல் தோகாவில் அவர் வென்றது 28ஆவது உலகப் பட்டம். இந்தப் புகழுக்கு நடுவிலும் அவர் வணிகவியல் பட்டப்படிப்பை விடவில்லை. எண்ணெய் நிறுவன வேலையும் பெட்ரோலிய விளையாட்டு வாரியத்தின் அணியும் அவருக்குத் துணை நின்றன. அதே மேசையில் ஆடி வளர்ந்த அண்ணன் ஸ்ரீ, விளையாட்டு உளவியலாளர் ஆனார். ஒரே வீட்டில், ஒரே ஆட்டத்திலிருந்து இரண்டு வாழ்க்கைகள் கிளம்பியிருக்கின்றன. இதை உங்கள் மகளுக்கு நான் அழுத்திச் சொல்வேன். சாம்பியன் ஆகாதவர்களுக்கும் இந்த ஆட்டம் வழி விடுகிறது.

தொழில்முறை உலக பில்லியர்ட்ஸ் பட்டத்தைப் பலமுறை வென்ற அகமதாபாத்தின் கீத் சேத்தி மேலாண்மைப் பட்டம் பெற்றவர். 1998 பாங்காக் ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அவர், பிரகாஷ் படுகோனேயுடன் சேர்ந்து இந்திய வீரர்களுக்கு உதவும் ஒலிம்பிக் கோல்டு குவெஸ்ட் அமைப்பைத் தொடங்கினார். கமல் சாவ்லா, மல்கீத் சிங் போன்றவர்கள் தேசியப் போட்டிகளில் ரயில்வே அணிக்காக ஆடியவர்கள். மாதச் சம்பளம் ஒன்று கையில் இருந்ததால்தான் அவர்களால் தோல்விகளைத் தாங்கி ஆண்டுக்கணக்கில் ஆட முடிந்தது என்று நான் நம்புகிறேன்.

பெண்களின் வரலாறு இளையது. அதனாலேயே இடம் அதிகம். வித்யா பிள்ளை 2017இல் பெண்கள் உலக சாம்பியன்ஷிப் இறுதிப் போட்டியில் ஹாங்காங்கின் இங் ஆன் யீயிடம் கடைசி ஃபிரேமில் (ஆட்டத்தின் ஒரு சுற்று) தோற்றார். கர்நாடகத்தின் கீர்த்தனா பாண்டியன் 2018இல் ரஷ்யாவில் 16 வயதுக்கு உட்பட்ட பெண்களுக்கான உலகப் பட்டத்தை வென்றார். சென்னையின் அனுபமா ராமச்சந்திரன் 2025 நவம்பரில் தோகாவில் அதே இங் ஆன் யீயை வென்று, உலக அமெச்சூர் பெண்கள் பட்டத்தைப் பெற்ற முதல் இந்தியர் ஆனார். ஜூனியர் பிரிவில் தொடங்கிய ஒரு தமிழ்நாட்டுப் பெண் இருபத்து மூன்று வயதில் அங்கே நிற்கிறார் என்பது உங்கள் வீட்டுப் பேச்சில் கட்டாயம் இடம்பெற வேண்டிய செய்தி.

அடுத்து, ஒதுக்கீடு. மத்திய அரசு அலுவலகங்களில் விளையாட்டு வீரர்களைப் பணியமர்த்தும் விதிகளில் அங்கீகரிக்கப்பட்ட ஆட்டங்களின் பட்டியலில் பில்லியர்ட்ஸும் ஸ்நூக்கரும் இடம்பெற்றிருக்கின்றன. முதல் முன்னுரிமை நாட்டுக்காக ஆடியவர்களுக்கு. அதற்கு அடுத்த நிலையில், சீனியர் அல்லது ஜூனியர் தேசியப் போட்டியில் மாநிலத்துக்காக ஆடி முதல் மூன்று இடங்களுக்குள் வந்தவர்கள் இருக்கிறார்கள். ஜூனியர் பதக்கம் வேலைக்கான விண்ணப்பத்தில் பேசுவது இங்கேதான். ஆனால் கோப்பையைக் காட்டி எந்த அலுவலகத்திலும் வேலை வாங்க முடியாது. மாநிலச் சங்கத்தின் செயலாளர் உரிய படிவத்தில் கையொப்பமிட்ட சான்றிதழைத்தான் கேட்பார்கள். சங்கத்தில் பதிவு செய்யாமல் தனியார் பார்லர்கள் நடத்தும் பரிசுப் போட்டிகளில் எத்தனை வென்றாலும் இந்தக் கணக்கில் வராது. எனவே தமிழ்நாடு பில்லியர்ட்ஸ் ஸ்நூக்கர் சங்கத்தில் அவளுடைய பதிவு முறையாக இருக்கிறதா என்பதை மாமன் இந்த வாரமே பார்க்க வேண்டும். ஆதார், பள்ளிச் சான்று, சங்கப் பதிவு மூன்றிலும் பெயரும் தலைப்பெழுத்தும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்கட்டும். நம் பக்கத்தில் வீட்டுப் பெயரும் ஞானஸ்நானப் பெயரும் ஒரு சான்றில் இருந்து மற்றொன்றில் இல்லாமல் போவது வழக்கம். பின்னாளில் சரிபார்ப்பின்போது அதுவே பெரிய தலைவலி ஆகிவிடும்.

தமிழக அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத இட ஒதுக்கீடு உண்டு. பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டுப் பிரிவும் உண்டு. இவற்றில் எந்தெந்த ஆட்டங்கள் சேரும் என்பது ஆணைக்கும் ஆண்டுக்கும் ஏற்ப மாறும் என்பதால், நாகர்கோவில் அண்ணா விளையாட்டரங்கில் உள்ள மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் நடப்பு ஆணையை நேரில் பார்த்துவிடுங்கள். ஒரு குறையையும் சொல்ல வேண்டும். ஸ்நூக்கர் ஒலிம்பிக்கில் இல்லை. ஆசிய விளையாட்டிலும் கடைசியாக இடம்பெற்றது 2010 குவாங்சோவில். அந்தப் பதக்கங்களைச் சுற்றி எழுதப்படும் அரசு ஊக்கத்தொகைகளை இந்த ஆட்டக்காரர்கள் அதிகம் எதிர்பார்க்க முடியாது.

பயிற்சிச் சூழலைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். பன்னிரண்டடி மேசையின் மேல் விரித்த கம்பளித் துணி ஈரத்தை உறிஞ்சும். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டும் பெய்யும் நம் மாவட்டத்தில், குளிரூட்டி ஓயாத அறையாக இல்லாவிட்டால் பந்து கனத்துப் போய் மெதுவாக உருளும். அதற்குப் பழகிய கை, போட்டி அரங்கில் புதுத் துணி விரித்த வேகமான மேசையில் வெள்ளைப் பந்தைத் தேவைக்கு மேல் ஓடவிட்டுவிடும். சிவப்பு குழியில் விழுந்த பிறகு அடுத்த வண்ணப் பந்துக்கு நிலை கிடைக்காது. திறமை இருந்தும் மாவட்டத்துப் பிள்ளைகள் முதல் சுற்றிலேயே தடுமாறுவதற்கு இது ஒரு காரணமாகிறது. போட்டிக்கு முந்தின நாளாவது சென்னை போய், அங்குள்ள மேசையில் சில மணி நேரம் ஆட வழி செய்யுங்கள். கிளப்பில் மூத்த மார்க்கர் இருந்தால் அவரைத் துணைக்கு அழைத்துப் போவது இன்னும் நல்லது; அந்த மனிதர்களின் கண்ணுக்குத் தெரிவது பல பயிற்சியாளர்களுக்குத் தெரியாது.

தேசியப் போட்டிகள் பல ஆண்டுகளில் டிசம்பருக்கும் பிப்ரவரிக்கும் இடையில் வருகின்றன. பன்னிரண்டாம் வகுப்பில் அது செய்முறைத் தேர்வும் திருப்புதல் தேர்வும் நடக்கும் காலம். ஆகவே என் கருத்து இது. இந்த ஆண்டு, பதினொன்றாம் வகுப்பில், அவள் முழு மனதோடு ஆடட்டும். மாநிலத் தேர்வுக்கும், தேர்வானால் தேசியப் போட்டிக்கும் போகட்டும். அடுத்த ஆண்டு பயிற்சி வாரத்துக்கு இரண்டு நாளாகக் குறையட்டும். போட்டியை விட்டால் நஷ்டமில்லை, 21 வயது வரை ஜூனியர் பிரிவு திறந்தே இருக்கிறது. கல்லூரியின் மூன்று ஆண்டுகள்தான் அவளுக்கு உண்மையான காலம்.

நீட் பற்றி அவளிடமே தனியாகக் கேளுங்கள். மருத்துவம் அவள் விருப்பமாக இருந்தால், அந்தப் படிப்போடு போட்டி ஆட்டத்தைச் சேர்த்து நடத்துவது மிகவும் கடினம் என்பதைத் தெரிந்தே முடிவெடுக்கட்டும். அது அப்பாவின் விருப்பம் மட்டும் என்றால் உளவியலையோ, பிசியோதெரபியையோ, வணிகவியலையோ யோசிக்கலாம். முதல் இரண்டும் விளையாட்டுத் துறையிலேயே வேலைக்கு வழி காட்டும். மூன்றாவது போட்டித் தேர்வுகளுக்கும் ஆட்டத்துக்கும் நேரம் விடும். ஆட்டத்துக்காகப் படிப்பை நிறுத்துவதையோ, இப்போதே பெங்களூருக்கு அனுப்புவதையோ, கடன் வாங்கி வீட்டில் மேசை போடுவதையோ நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

அவளுடைய நிலையை அறிய, மாமாக்களை வென்ற கதைகளைக் கணக்கில் எடுக்காதீர்கள். ஒரு நோட்டில் ஒவ்வொரு பயிற்சி நாளும் அவள் எடுத்த மிகப் பெரிய பிரேக், அதாவது தவறாமல் தொடர்ந்து சேர்த்த புள்ளிகள், எவ்வளவு, பதினைந்து சிவப்புகளையும் வரிசையாக அடுக்கி ஆடும் பயிற்சியில் எத்தனையாவது பந்தில் தவறினாள் என்று தேதியிட்டு எழுதச் சொல்லுங்கள். ஆறு மாத நோட்டை எடுத்துக்கொண்டு இருவரும் என்னிடம் வாருங்கள்; அதில் இருபதுகள் முப்பதுகளாக ஏறியிருந்தால் பேச்சு ஒரு விதமாகவும், அங்கேயே நின்றிருந்தால் வேறு விதமாகவும் இருக்கும்.

சென்னைப் பயணம் அரையாண்டுத் தேர்வோடு மோதுகிறது என்று எழுதியிருந்தீர்கள். போட்டி அறிவிப்பின் நகலை இணைத்துத் தலைமையாசிரியருக்கு இப்போதே எழுத்தில் விண்ணப்பம் கொடுங்கள். விடுபடும் தாளைப் பின்னர் எழுத அனுமதியும் அதிலேயே கேளுங்கள். பதில் கிடைத்ததும் கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் இரண்டு டிக்கெட் எடுத்துவிடுங்கள். ஒன்று அவளுக்கு, மற்றொன்று உங்களுக்கு. முதல் முறை மாமனோடு மட்டும் அனுப்பாமல் நீங்களும் அந்த அரங்கில் உட்கார்ந்து ஒரு நாள் முழுக்கப் பாருங்கள்.