ஸ்வீட் பாக்ஸ் இருக்கட்டும், லீவு லிஸ்ட் எங்கே?

கேள்வி: பனியன் கம்பெனி ஒன்றில் லைன் சூப்பர்வைசராக இருக்கிறேன். லைனில் பாதிப் பேர் ஒடிசா, பீகார்க்காரர்கள். சாப்பாட்டு நேரத்தில் அவர்கள் ஒரு மூலை, நம் ஆட்கள் ஒரு மூலை. 'எல்லோரும் ஒரே குடும்பம்' என்று விழா வைத்து, ஸ்வீட் கொடுத்து, கோலப்போட்டி நடத்தலாம் என்கிறார் எங்கள் ஹெச்.ஆர். மேடம். இதனால் ஏதாவது மாறுமா?
– பெயர் வேண்டாம், திருப்பூர்

பதில்: விழாவைத் தாராளமாக நடத்துங்கள் தம்பி. கோலப்போட்டிக்கு ஒடிசாப் பெண்களையும் மறக்காமல் கூப்பிடுங்கள். அரிசி மாவைக் கரைத்து விரலால் 'ஜோட்டி' போடுகிறவர்கள் அவர்கள். நம் பெண்களுக்குப் பரிசு அவ்வளவு சுலபமாகக் கிடைக்காது!

சாப்பாட்டு மூலையை மட்டும் விட்டுவிடுங்கள். நாள் முழுக்கப் புரியாத பாஷையில் திட்டு வாங்குகிறவர், அரை மணி நேரமாவது தன் பாஷையில் பேசிச் சாப்பிடட்டும். தேனிப்பக்கத்து ஆட்களும் சேர்ந்துதான் உட்காருகிறார்கள். அதைப் பற்றி யாரும் எனக்குக் கடிதம் எழுதுவதில்லை.

நான் வெல்ஃபேர் ஆபீசராக இருந்தபோது ஆட்களை உண்மையில் பிரித்தது லீவு லிஸ்ட்தான். தீபாவளிக்குக் கம்பெனியை அடைத்து, நம் ஊர்க் கணக்கில் ஒரு தேதியில் திறப்போம். பீகார்க்காரர்களுக்குப் பெரிய பண்டிகை சட் பூஜை. தீபாவளி முடிந்து ஆறாம் நாள் மாலை, மறையும் சூரியனுக்கு நீரில் நின்று படைப்பார்கள்; மறுநாள் காலை உதிக்கும் சூரியனுக்கு. அதை முடித்து ரயிலேறினால் இங்கே வர இரண்டு நாளுக்கு மேல் ஆகும். அதற்குள் நாம் மெஷினை ஓட்டத் தொடங்கி, அவர்கள் பெயருக்கு நேரே 'சொல்லாமல் லீவு' என்று எழுதிவிடுவோம். உள்ளூர் டெய்லர்களுக்கோ, 'நாங்கள் மட்டும் ஒன்றரை ஷிப்ட் அடிக்கிறோம், இவர்கள் ஊரில் உட்கார்ந்துகொண்டார்கள்' என்று கோபம். இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. லிஸ்ட் போட்ட எங்கள் பக்கம்தான் இல்லை.

ரயில் முன்பதிவு 2024 நவம்பரிலிருந்து 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. ஆகவே லீவு தேதி அதற்கும் முன்பே கையில் இருக்க வேண்டும். பண்டிகைக்குப் பத்து நாள் முன்பு நோட்டீஸ் ஒட்டினால், கழிவறை ஓரம் நின்றுகொண்டுதான் அவர் பாட்னா போய்ச் சேருவார். உங்கள் மேடத்திடம் முதலில் கேட்க வேண்டியது இந்தத் தேதியை.

அடுத்தது மைக். 'இன்னைக்கு ஓ.டி. (ஓவர்டைம்) இருக்கு, இருக்கறவங்க பேர் கொடுங்க' என்று சாயங்காலம் தமிழில் அறிவித்தால், பாதி லைனுக்கு விஷயம் போவதே இல்லை. 1948 தொழிற்சாலைச் சட்டம்கூட, பெரும்பான்மைத் தொழிலாளருக்குப் புரியும் மொழியில் அறிவிப்பு வேண்டும் என்றது. மீதிப் பேருக்கு? ஒடியாவில் ஒரு தாள், இந்தியில் ஒரு தாள். ஒடிசாக்காரரிடம் இந்தித் தாளை நீட்டிவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள்.

2023 மார்ச்சில் வடமாநிலத்தவரை இங்கே அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவினவே, நினைவிருக்கிறதா? பீகார் அரசு அதிகாரிகள் குழுவே திருப்பூருக்கு வந்து விசாரித்தது. எங்கள் ஹாஸ்டலில் மேனேஜர் ஒரு மணி நேரம் தைரியம் சொன்னார். யாரும் பெட்டியைக் கீழே வைக்கவில்லை. பேட்லாக் தையல் மெஷின் ஓட்டும் ஒடிசாப் பெண் ஒருத்தி எழுந்து ஒடியாவில் நாலு வார்த்தை பேசிய பிறகுதான் பாதிப் பேர் உட்கார்ந்தார்கள். ஆறு வருஷமாக மெஷினில் இருந்தவள், சம்பளக் கணக்கு தெரிந்தவள். அவள் பேச்சுக்கு மதிப்பு இருந்தது.

உங்கள் லைனில் அப்படி யாராவது இருக்கிறார்களா? டெய்லருக்குக் கையுதவி செய்யும் கைமடியிலும் செக்கிங்கிலும் மட்டும் வெளிமாநிலத்தவர், மெஷினில் எல்லாம் நம் ஆட்கள் என்றால், விழா முடிந்த மறுநாளே அவர்களில் ஒருவரை ஓவர்லாக் தையல் மெஷினில் உட்கார வையுங்கள். பக்கத்தில் பொறுமையான உள்ளூர் டெய்லர் ஒருவரைப் போடுங்கள். பழக்கிக் கொடுக்கும் நாட்களுக்கு அந்த டெய்லருக்குப் பீஸ் கணக்கில் வரும் கூலி அடிபடாமல் கம்பெனி ஈடுகட்ட வேண்டும். புரொடக்‌ஷன் கொஞ்சம் குறையும். அதை முதலாளியிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.