வெளிநாட்டுப் புரோகிராமிங் முகாம்: புறப்படும் முன் எதை முடிக்க வேண்டும்?

கேள்வி: நாங்கள் மூவரும் கல்லூரி மூன்றாம் ஆண்டு மாணவர்கள். ஐசிபிசி என்ற, கல்லூரி அணிகளுக்கான சர்வதேச புரோகிராமிங் போட்டிக்கான பத்து நாள் பயிற்சி முகாமுக்காக இரண்டரை மாதத்தில் வெளிநாடு போகிறோம். மூவருக்கும் இதுதான் முதல் விமானப் பயணம். ஒருவனுடைய பாஸ்போர்ட் இன்னும் ஏழு மாதத்தில் காலாவதியாகிறது. எதை முதலில் கவனிப்பது? என்ன படித்துவிட்டுப் போவது?

பதில்: பாஸ்போர்ட்டை இந்த வாரமே கவனியுங்கள். நீங்கள் போய் இறங்கும்போது அதில் நாலரை மாதம்தான் மிச்சமிருக்கும். பல நாடுகள் ஆறு மாதம் கேட்கின்றன. ஷெங்கன் நாடுகளில் (ஒரே விசாவில் போகக்கூடிய ஐரோப்பிய நாடுகள்) திரும்பும் தேதிக்குப் பிறகு மூன்று மாதம் இருந்தால் போதும் என்பதால் கணக்குப்படி தப்பிக்கலாம். ஆனாலும் புதுப்பித்துவிடுவதே நல்லது. புதுப்பித்தால் பாஸ்போர்ட் எண் மாறும். முகாம் நடத்துபவர்கள் தரும் அழைப்புக் கடிதத்தில் பெரும்பாலும் அந்த எண் இருக்கும். அதனால் முதலில் புது பாஸ்போர்ட், பிறகு அழைப்புக் கடிதம், அப்புறம் விசா. இந்த வரிசை மாறினால் எல்லாவற்றையும் இரண்டு தடவை செய்ய வேண்டியிருக்கும். கடிதத்தில் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து இருக்கிறதா என்று மூவரும் பாருங்கள்.

ஷெங்கன் விசா என்றால் பயணத்துக்குக் குறைந்தது 15 நாள் முன்பு விண்ணப்பிக்க வேண்டும். 6 மாதம் முன்பே கூட விண்ணப்பிக்கலாம். விண்ணப்பம் கொடுக்கத் தேதி கிடைப்பதற்கே வாரக்கணக்கில் ஆகலாம் என்பதால் 15 நாளை நம்பி உட்காராதீர்கள். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடும் கேட்பார்கள். விசா கைக்கு வரும்வரை, ரத்து செய்தால் பணம் திரும்பாத டிக்கெட்டை வாங்க வேண்டாம்.

உடலின் கடிகாரம் நாளுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான் நகரும். நேர வித்தியாசம் நாலைந்து மணி என்றால் இரண்டு நாள் முன்னதாகவே போய்ச் சேருங்கள். தூக்கக் கலக்கத்தில் எழுதும் ஐந்து மணி நேரப் போட்டி வீண்தான்.

லேப்டாப் கொண்டுவரச் சொல்கிறார்களா, அங்கேயே கணினி தருகிறார்களா என்று கேளுங்கள். அங்கே தருவதாக இருந்தால் கீபோர்டு எது என்பதும் முக்கியம். பிரான்ஸ் கீபோர்டில் எண்களை அடிக்க ஷிஃப்ட் அழுத்த வேண்டும். ஜெர்மனியில் ஒய்யும் இசட்டும் இடம் மாறியிருக்கும். இரண்டிலும் நெளிவு அடைப்புக்குறிக்கு ஆல்ட்ஜிஆர் (வலப்பக்க ஆல்ட் விசை) அழுத்த வேண்டும். சி++ எழுதுபவருக்கு இது பெரிய தொந்தரவு. அனுமதித்தால் சொந்த கீபோர்டையே எடுத்துப் போங்கள். பவர்பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும், 100 வாட்-மணிக்குள். வழக்கமான 20,000 எம்ஏஎச் பவர்பேங்க் சுமார் 74தான், பயமில்லை.

படிப்பு விஷயத்துக்கு வருவோம். மிச்சமிருக்கும் நாளில் புதுப்புது அல்காரிதம்களைத் தேடி ஓடாதீர்கள். டைனமிக் புரோகிராமிங், கிராஃப், செக்மென்ட் ட்ரீ போன்ற, போட்டிகளில் அடிக்கடி வரும் உத்திகளைத் தடுமாறாமல் எழுத வந்தால் போதும். ஐசிபிசியில் மூன்று பேருக்கு ஒரே கணினி. அதைப் பழகவே நேரம் வேண்டும். வாரம் இரண்டு முறை கோட்ஃபோர்சஸ் இணையதளத்தில் பழைய போட்டிகள் இருக்கும் ஜிம் பகுதியில் ஐந்து மணி நேரப் போட்டி ஒன்றை எடுத்து, ஒரே லேப்டாப்பில் எழுதுங்கள். ஒருவர் டைப் செய்யும்போது மற்ற இருவரும் தாளில் யோசிக்க வேண்டும். பிழை தேடுவதும் அச்செடுத்த நிரலை வைத்துத் தாளில்தான். உலக இறுதிப் போட்டியில் 25 பக்கக் குறிப்பேடு அனுமதி உண்டு. உங்களுடையதை இப்போதே அச்செடுத்து, அதைப் பார்த்து அடித்துப் பழகுங்கள்.

முகாமில் இரண்டு பிரிவுகள் இருந்தால் சந்தேகமில்லாமல் எளிய பிரிவில் சேருங்கள். கடினமான பிரிவில் நாள்தோறும் ஒரே ஒரு கணக்கை மட்டும் போட்டு எழுந்து வந்தால் மனம் உடைந்துவிடும், கற்றுக்கொள்வதும் குறைவு.

முகாமின் உண்மையான பயன் போட்டி முடிந்த பிறகுதான் கிடைக்கிறது. விட்டுப்போன கணக்குகளை அன்று மாலையே உட்கார்ந்து முடிப்பதை அப்சால்விங் என்பார்கள். ஸ்கோர்போர்டைப் பாருங்கள்: அதிக அணிகள் போட்டு, நீங்கள் மட்டும் விட்ட கணக்கு எதுவோ அதிலிருந்து தொடங்குங்கள். ஒரு மணி நேரமாவது சொந்தமாக முட்டி மோதிய பிறகே விளக்கவுரையைத் திறங்கள். தவறான விடை ஒவ்வொன்றுக்கும் காரணத்தை ஒரு வரியில் எழுதி வையுங்கள். உதாரணமாக, இரண்டு லட்சம் எண்கள், ஒவ்வொன்றும் 100 கோடி வரை. கூட்டுத்தொகையை 32 பிட் இன்ட்டில் (முழு எண்ணுக்கான மாறி) வைத்தோம், அதில் சுமார் 214 கோடிதான் அடங்கும். இந்தத் தவறு மூன்று நாளில் இரண்டு முறை வந்தால், சமர்ப்பிக்கும் முன் அதைச் சரிபார்க்க ஒருவரை நியமித்துவிடுங்கள். பின்னால் அந்தக் கணக்கைப் போட்டுவிட்டாலும், முன்பு தந்த தவறான விடை ஒவ்வொன்றுக்கும் 20 நிமிட அபராதம் சேரும்.

சுற்றிப் பார்க்க ஓய்வு நாளை வைத்துக்கொள்ளுங்கள், போட்டி நாள் மாலையைத் தொடாதீர்கள். முகாமின் கணக்குகளை நண்பர்களுக்கு அனுப்பும் முன் நடத்துபவர்களிடம் கேட்டுவிடுங்கள். அதே கணக்குகளை வேறு இடத்தில் மறுபடி பயன்படுத்துவதால் சில முகாம்களில் வெளியே பகிரக் கூடாது என்பார்கள்.