வெள்ளிக்கிழமை முற்பணம் கட்ட வேண்டாம்

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு குடும்பம் மகளின் மேற்படிப்பு பற்றி ஆலோசனை கேட்டுச் சென்ற சனிக்கிழமை என்னைத் தேடி வந்தது. தந்தை புறக்கோட்டையில் இரும்புச் சாமான் கடையொன்றில் கணக்கெழுதுகிறார். மகள் உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவில் மூன்று பாடங்களிலும் சித்தி பெற்றவள். பல்கலைக்கழக அனுமதிக்கு இசட் புள்ளி போதவில்லை. கனடாவில் இருக்கும் பெரியப்பா தனியார் நிறுவனமொன்றில் மென்பொருள் பொறியியல் படிக்க வைக்கச் சொல்கிறாராம். கட்டணம் 25 இலட்சம் ரூபா. வீட்டு உறுதியை வங்கியில் வைப்பதென்று பேசி முடித்தாகிவிட்டது.

தாய் கண்கலங்கினார். "பயப்படாதீர்கள் அம்மா" என்று நானும் ஆறுதல் சொல்லத்தான் தொடங்கினேன். பிறகு பிள்ளையிடம், உனக்கு எதில் மனம் போகிறது என்று கேட்டேன். அவள் தொலைபேசியை நீட்டினாள். வெள்ளவத்தையில் சேலைக் கடை வைத்திருக்கும் மாமிக்கு அவளே செய்துகொடுத்த இணையப் பக்கம் அது. காலை வெயிலில் எடுத்த படங்கள். ஒவ்வொரு சேலைக்கும் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் நாலு வரி. "அது பொழுதுபோக்கு ஐயா" என்றார் தாய். அத்தோடு என் ஆறுதல் வார்த்தைகள் நின்றுவிட்டன.

அம்மா, கணிதத்திலிருந்து தப்பவே வர்த்தகப் பிரிவுக்கு வந்தேன் என்று உங்கள் மகள் என் முன்னால்தான் சொன்னாள். அவளைக் கணிதத்தின் மேல் நிற்கும் படிப்பொன்றில், அதுவும் கடன் வாங்கிச் சேர்ப்பது எந்த வகையில் நியாயம்? பாதியில் நின்றால் பட்டமும் இராது, உறுதியும் வீடு திரும்பாது. கனடாவிலிருந்து ஆலோசனை வரலாம். மாதத் தவணை கட்டப்போவது நீங்கள்தான்.

அவள் செய்துகாட்டியது ஒரு தொழில். செட்டியார் தெரு நகைக் கடைகளையும் காலி வீதி உணவகங்களையும் ஒருமுறை தேடிப் பாருங்கள். பலவற்றுக்கு இணையத்தளமே இல்லை. இருப்பவற்றிலும் தமிழ்ப் பக்கம் அரிது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வியாபாரி, பணம் கொடுத்துச் செய்வித்த தளம் தேடலில் வருவதே இல்லையென்று என்னிடம் நொந்துகொண்டார். திறந்து பார்த்தால் முழுவதும் பாமினி எழுத்துரு. அதில் 'அம்மா' என்று திரையில் தெரியும் சொல், உள்ளே ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகக் கிடக்கும். தேடுபொறி அதை எப்படித் தமிழென்று வாசிக்கும்? எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான கணினிக் குறியீட்டு முறையான யுனிகோட்டில் எழுதியிருக்க வேண்டும் என்பதைச் செய்தவர் அறியவில்லை. உங்கள் மகளுக்கு அது தெரிந்திருக்கிறது. ஆங்கிலத்தில் ஒரு சொல்லாக அடங்கும் பொத்தான் தமிழில் இரண்டு வரியாக நீண்டு பக்கத்தைக் குலைக்கும் என்பதும் தெரிந்திருக்கிறது.

இனி அவள் கற்க வேண்டியதும் நிறையவே உண்டு. இணையப் பக்கங்களை எழுதும் கணினி மொழிகளான எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், பிறகு ஜாவாஸ்கிரிப்ட். பாதிக் கடைகளுக்கு இணையத்தளம் அமைக்கும் இலவச மென்பொருளான வேர்ட்பிரஸ் போதும். கூகுள் வரைபடத்தில் கடையைப் பதியப் பணம் வேண்டாம்; சரியான நேரமும் நல்ல படங்களும்தான் வேண்டும். விளம்பரம் பணம் கேட்கும். எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதோடு நில்லாமல், எத்தனை பேர் விலை கேட்டார்கள், எத்தனை பேர் வாங்கினார்கள் என்று கணக்கு வைக்கத் தெரிய வேண்டும். அங்கே வர்த்தகப் பிரிவில் படித்த கணக்கியல் கைகொடுக்கும். வாடிக்கையாளரின் தொலைபேசி இலக்கங்களைச் சேர்ப்பவள் 2022 இன் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் வாசித்திருக்க வேண்டும். தளத்தின் இணைய முகவரியைக் கடைக்காரரின் பெயரிலேயே பதிய வேண்டும். தன் பெயரில் பதிந்து வைத்துக்கொண்டு பிறகு பேரம் பேசுவோரை எனக்கு அறவே பிடிக்காது. தமிழில் முகவரி வேண்டுமென்றால் '.இலங்கை' என்றே முடியும் முகவரிகள் 2010 முதல் இருக்கின்றன. எத்தனை கடைக்காரருக்கு அது தெரியும்?

பட்டம் வேண்டாமா என்று தந்தை கேட்டார். வேண்டும். ரீட் அவென்யூவில் இருக்கும் கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரி, 2000 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட தகவல் தொழில்நுட்ப வெளிவாரிப் பட்டத்தை நடத்துகிறது. உயர்தரத்தில் எந்தப் பிரிவில் சித்தி பெற்றவரும் விண்ணப்பிக்கலாம். வகுப்புக்குப் போயே தீரவேண்டும் என்றில்லை. வேலை செய்துகொண்டே வீட்டிலிருந்து படிக்கலாம். முதல் ஆண்டை முடித்தால் டிப்ளோமா, இரண்டாம் ஆண்டோடு உயர் டிப்ளோமா, மூன்றாம் ஆண்டோடு பட்டம். இடையில் நிற்க நேர்ந்தாலும் வெறுங்கையோடு திரும்ப மாட்டாள். கட்டணம் உங்களிடம் கேட்கப்பட்ட தொகையில் ஒரு சிறு பங்குதான். பரீட்சை ஆங்கிலத்தில். அதிலும் கணிதம் எட்டிப்பார்க்கும் என்பதை நான் பிள்ளையிடம் மறைக்கவில்லை. "ஒன்றிரண்டு பாடமென்றால் படித்துவிடுவேன்" என்றாள். அந்தப் பதிலை நான் நம்புகிறேன்.

முதல் ஆறு மாதம் கையில் பெரிய வருமானம் வராது. அதையும் சொல்லியாக வேண்டும். மாமியின் கடையைத் தவிர இன்னும் இரண்டு கடைகளை அவளே தேடிப் பிடிக்கட்டும். சிறு தொகையாவது வாங்கட்டும். இலவசமாகச் செய்யக் கூடாது, உறவினருக்கும்தான். என்ன செய்வாள், எத்தனை நாளில் முடிப்பாள், எத்தனை முறை திருத்தித் தருவாள் என்பதை ஒரு தாளில் எழுதிக் கையொப்பம் வாங்கட்டும்.

ஐயா, முற்பணத்துக்கு வெள்ளிக்கிழமை கடைசி நாள் என்றீர்கள். கட்ட வேண்டாம். உறுதி அலுமாரியிலேயே இருக்கட்டும். பெரியப்பாவுக்கு என்ன சொல்வது என்று தடுமாறினால் என் இலக்கத்தைக் கொடுங்கள், நான் பேசுகிறேன். அடுத்த சனிக்கிழமை மகளை மட்டும் அனுப்புங்கள். வரும்போது மாமியின் கடைக் கணக்குப் புத்தகத்தையும் கொண்டுவரச் சொல்லுங்கள்.