அடியில் ஒட்டாவிட்டால் சுரண்டும் வேலையே இல்லை

கேள்வி: நாங்கள் சென்னையில் அபார்ட்மென்ட்டின் இரண்டாவது மாடியில் இருக்கிறோம். ஒரு கடுவன், ஒரு பெட்டை என்று இரண்டு பூனைகள். இரண்டுக்கும் ஒரே பிளாஸ்டிக் ட்ரே. கட்டி பிடிக்கிற பூனை மணல்தான் வாங்கிப் போடுகிறேன். ஆனாலும் அடியில் சேறாக ஒட்டிக்கொள்கிறது. பழைய தோசைக்கரண்டியால் சுரண்டி, பினாயில் ஊற்றிக் கழுவினாலும் நாற்றம் போகவில்லை. மருமகள் முழுகாமல் இருக்கிறாள். 'பூனைகளை எங்கேயாவது விட்டுவிடு' என்று உறவினர்கள் சொல்கிறார்கள். எனக்கு மனசு வரவில்லை. வேலையைச் சுலபமாக்க வழி உண்டா?
- ஒரு வாசகி, சென்னை

பதில்: சகோதரி, முதலில் பினாயிலை நிறுத்திவிடுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம். கருப்பு பினாயிலில் ஃபீனால் வகை ரசாயனங்கள் இருக்கின்றன. அவற்றைச் சிதைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. ட்ரேயில் நின்ற அதே பாதத்தை அடுத்த நிமிடம் நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும் பிராணி அது. பிளீச்சிங் பவுடரும் கூடாது. சிறுநீரிலிருந்து வரும் அம்மோனியாவோடு அது சேர்ந்தால் நச்சு வாயு கிளம்பும். பாத்திரம் தேய்க்கிற சோப்பு நீர் கொஞ்சம், வெந்நீர், அவ்வளவு போதும்.

இனி ஒட்டுகிற விஷயம். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், மணலைக் கொஞ்சமாகப் போடுகிறீர்கள் என்று தோன்றுகிறது. விலை அதிகம் என்பதால் பலரும் இப்படித்தான் சிக்கனம் பிடிக்கிறார்கள். ஆனால் மணல் வீணாவதே அதனால்தான். கட்டி பிடிக்கிற மணல் பெரும்பாலும் பெண்டோனைட் என்ற களிமண். ஈரம் பட்டதும் அது உப்பி, சுற்றியிருக்கும் துகள்களை இழுத்துக்கொண்டு கெட்டியாகும். கீழே போதுமான கனம் இருந்தால் சிறுநீர் பாதியிலேயே நின்று உருண்டையாகிவிடும். ஒரு அங்குலம்தான் இருக்கிறதென்றால் நேராகப் பிளாஸ்டிக்கைத் தொட்டு, கல்லில் ஒட்டிய அடை மாதிரி பரவிப் பிடித்துக்கொள்ளும். அதைக் கிளறினால் உடையும். உடைந்த தூள் நல்ல மணலோடு கலந்துவிடும். நாற்றத்துக்குப் பாதிக் காரணம் அந்தத் தூள்தான்.

அதனால் 3 அங்குலம் போடுங்கள். ஆள்காட்டி விரலைச் செங்குத்தாக நுழைத்துப் பாருங்கள், ஏறக்குறைய முழு விரலும் புதைய வேண்டும். முதல் தடவை பை சீக்கிரம் காலியாகும், உண்மைதான். அதற்குப் பிறகு கட்டியை எடுத்த அளவுக்கு மேலே தூவினால் போதும், செலவு கூடாது.

அள்ளுவதிலும் பக்குவம் இருக்கிறது. பூனை இறங்கியதும் கரண்டியோடு ஓடாதீர்கள். கட்டி இறுக அரை மணி நேரமாவது விடுங்கள். பூனைகள் பெரும்பாலும் மூலையில்தான் போகும், கட்டி சுவரோரமாகப் பிடித்திருக்கும். அதை மேலிருந்து குத்தினால் நொறுங்கிவிடும். ட்ரேயின் வெளிப்பக்கத்தை உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டுங்கள். கட்டி தானாக விட்டுக்கொடுக்கும். பிறகு பக்கவாட்டில் கரண்டியை நுழைத்து அப்படியே முழுசாகத் தூக்கலாம்.

அந்தத் தோசைக்கரண்டிக்கு ஓய்வு கொடுத்துவிடுங்கள். இரும்பு பட்ட இடமெல்லாம் பிளாஸ்டிக்கில் கீறல் விழுந்திருக்கும். கீறலுக்குள் சிறுநீரும் கிருமியும் தங்கிவிடும். எதை ஊற்றிக் கழுவினாலும் உங்கள் ட்ரே நாறுவது அதனால்தான். அதை இனித் தேய்த்துப் பயனில்லை, மாற்றிவிடுங்கள். முடிந்தால் ஆழமான எவர்சில்வர் ட்ரே வாங்குங்கள். கீறலும் விழாது, வாடையும் ஏறாது. இல்லையென்றால் துணி வைக்கிற பெரிய பிளாஸ்டிக் பெட்டியில், ஒரு பக்கம் பூனை ஏறுகிற அளவுக்கு வெட்டி எடுத்து, விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து வைத்தாலும் போதும். சுவர் உயரமாக இருப்பதால் மணல் வெளியே இறையாது. மூக்கிலிருந்து வால் ஆரம்பிக்கிற இடம் வரை பூனையை அளந்து, அதைப்போல் ஒன்றரை மடங்கு நீளம் இருக்கட்டும். கடையில் 'பூனை ட்ரே' என்று விற்கிற பலவும் குட்டிக்குத்தான் சரி.

பழையதை அன்றைக்கே தூக்கிவிடாதீர்கள். புதியதைப் பக்கத்தில் வைத்து, பழைய மணல் ஒரு கைப்பிடி கலந்துவிடுங்கள். அதில் போகப் பழகியதும் பழையதை எடுக்கலாம்.

இரண்டு பூனைக்கு ஒரே ட்ரே பத்தாது. பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒன்று கூடுதல் என்பது கால்நடை மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. அபார்ட்மென்ட்டில் மூன்றுக்கு இடமில்லை என்றால் இரண்டு ட்ரேயாவது வையுங்கள், அதுவும் வேறு வேறு இடத்தில். ஒன்று பால்கனி, இன்னொன்று குளியலறை ஓரம் என்று வைத்துக்கொள்ளலாம்.

தினமும் அள்ளினால் மாதத்துக்கு ஒரு தடவை முழு மணலையும் கொட்டிக் கழுவினால் போதும். கழுவியபின் வெயிலில் நன்றாகக் காயவிடுங்கள். ஈர ட்ரேயில் மணலைக் கொட்டினால் அடிமணல் அப்போதே ஒட்டிவிடும். சென்னைக் காற்றின் ஈரமே போதும் மணலைக் கெடுக்க, பையின் வாயை இறுக்கிக் கட்டி வையுங்கள். அடியில் விரிக்கிற பிளாஸ்டிக் உறையை நான் சிபாரிசு செய்யமாட்டேன். பூனை நகத்தால் கிழித்துவிடும், சிறுநீர் அடியில் இறங்கி வேலை இரட்டிப்பாகும். வாசனை மணலும் வேண்டாம், பல பூனைகள் அதை ஒதுக்கிவிட்டு வேறு மூலை தேடும். அள்ளிய கட்டியை டாய்லெட்டில் போட்டுவிடாதீர்கள். களிமண் குழாய்க்குள்ளும் உப்பும். தாளில் சுற்றிக் குப்பையில் போடுங்கள்.

மருமகளைப் பற்றி. பூனைகளை விரட்ட அவசியமே இல்லை. பயம் டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியால் வருகிறது. பூனை மலத்தில் வெளியேறும் அதன் முட்டைகள் உடனே தொற்றாது, அதற்கு 1 முதல் 5 நாள் ஆகும். தினமும் அள்ளிவிட்டால் ஆபத்து பெருமளவு போய்விடும். ட்ரே பக்கம் மருமகளை விடாமல் நீங்களோ மகனோ பார்த்துக்கொள்ளுங்கள், அள்ளியதும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். பூனைகளுக்குப் பச்சை இறைச்சி கொடுக்காதீர்கள், வெளியே விடாதீர்கள். வேகாத இறைச்சி, கழுவாத கீரை வழியாகவும் இதே தொற்று வரும், சமையலிலும் கவனம் வேண்டும். வீட்டில் பூனை இருப்பதை மகப்பேறு மருத்துவரிடமும் சொல்லிவிடுங்கள்.

அள்ளும்போது எத்தனை சிறுநீர்க் கட்டி என்று ஒரு பார்வை பாருங்கள். கட்டிகள் சட்டென்று குறைந்தாலோ, கடுவன் ட்ரேயில் ஏறி ஏறி முக்கியும் ஒன்றும் வராமல் இறங்கினாலோ, சிறுநீர்ப்பாதை அடைத்திருக்கலாம். அது ஒன்றிரண்டு நாளில் உயிரையே எடுத்துவிடும். விடியட்டும் என்று காத்திருக்காமல் அப்போதே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.