லீவர் துப்பாக்கியில் தோட்டா சிக்கினால்: கேளுங்கள், சொல்கிறேன்

அமெரிக்காவில் துப்பாக்கி பழுதுபார்க்கும் பட்டறையில் பல வருஷம் கை கறுத்தவன் நான். தெரிந்ததைச் சொல்கிறேன். லீவர் துப்பாக்கி என்றால், விசைக்குக் கீழே இருக்கும் லீவரை இழுத்து மூடி அடுத்த தோட்டாவை ஏற்றுவது. கேட்கும் முன் ஒன்று: சிக்கிக்கிடந்தாலும் அது தோட்டா போட்ட துப்பாக்கிதான். குழல்வாய் மண்மேட்டைப் பார்க்கட்டும், விரல் விசைப் பக்கம் போக வேண்டாம்.

என்னிடம் இருப்பது மார்லின் 336 துப்பாக்கி. லீவர் பாதியில் நின்றுவிட்டது, மேலேயும் போகாது கீழேயும் வராது. சுத்தியலால் லேசாகத் தட்டலாமா?

சுத்தியலைக் கொண்டுபோய் உள்ளே வையுங்கள். இதற்குப் பெயரே ‘மார்லின் ஜாம்’. குழலுக்கு அடியில் தோட்டாக்கள் வரிசையாக நிற்கும் குழாய் மேகசினிலிருந்து ஒரு தோட்டா வரவேண்டிய நேரத்தில் அடுத்ததும் எட்டிப்பார்க்கும். அதன் விளிம்பு, தோட்டாவை மேலே தூக்கும் தட்டான கேரியருக்கு அடியில் புகுந்துவிட்டால் எல்லாம் பூட்டிக்கொள்ளும். லீவர் முனை கேரியரின் அடிப்பக்கத்தில் வருஷக்கணக்கில் உரசி ஒரு பள்ளம் போட்டிருக்கும். கேரியர் மயிரிழை தாழ்ந்தாலே போதும், வழி திறந்துவிடும்.

நல்ல வேளை, மார்லினைத் திறப்பது சுலபம். லீவரைப் பிடித்திருக்கும் ஒற்றை ஸ்குரூவைக் கழற்றி லீவரை உருவுங்கள். தோட்டாவைப் பின்னாலிருந்து அடைக்கும் போல்ட்டைப் பின்பக்கமாக இழுங்கள். காலிக் கூட்டை வெளியே தள்ளும் எஜெக்டரை எடுத்தால் தோட்டாவுக்கு வழி கிடைக்கும். மரக்குச்சியால் நகர்த்துங்கள், தோட்டாவின் அடியில் அடிபட்டால் தீப்பற்றும் பிரைமரில் இரும்பு படவே கூடாது. மேகசின் குழாயை முன்பக்கம் திறந்து காலி செய்யலாம் என்பார்கள். அதற்குக் கை குழல்வாய்க்கு முன்னால் போகும். சேம்பரில், அதாவது குழலின் பின்முனையில், தோட்டா இருக்கிறவரை அந்த வேலை வேண்டாம்.

எடுத்த பிறகு கேரியரின் அடியைப் பாருங்கள். பள்ளம் இருந்தால் மாற்றுங்கள், இல்லாவிட்டால் அடுத்த மான் சீசனிலும் இதே கதைதான்.

விசையை அழுத்தினேன், வெடிக்கவில்லை. லீவரை இழுத்துவிடலாமா?

இழுக்காதீர்கள். குழல்வாயை இலக்குப் பக்கமே வைத்து ஒரு நிமிஷம் எண்ணுங்கள். வெடிமருந்து தாமதமாகப் பற்றுவதுண்டு. ‘புஸ்’ என்று மட்டும் சத்தம் வந்திருந்தால் குண்டு குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். அடுத்ததைச் சுட்டால் குழல் பிளக்கும்.

லீவரை மெதுவாக இழுத்தால் துப்பாக்கி ரொம்ப நாள் உழைக்கும் என்று என் மாமனார் சொல்கிறார்.

மாமனாரை மதிக்கிறேன், ஆனால் என்னிடம் வந்த சிக்கல்களில் முக்கால்வாசி இப்படிப்பட்ட கைகளால்தான். லீவர் கடைசிவரை போகாவிட்டால் காலிக் கூடு வெளியே விழாது, கேரியர் முழுசாக எழாது. பாதியில் மனசு மாறித் திருப்பினால் இன்னும் மோசம். வேகம் உங்கள் இஷ்டம், தூரம் முழுசாக இருக்கணும்.

மாமனார் சொன்னது சரிதான். அவரிடம் இருப்பது வின்செஸ்டர் 1873. மார்லின் மாதிரி அது சிக்காது!

வந்துட்டாரய்யா வின்செஸ்டர் கட்சிக்காரர். 1873-இல் கேரியர் லிப்ட் மாதிரி நேராக மேலேறும். உள்ளே வந்த தோட்டாவின் நீளம்தான் அடுத்ததைக் குழாயிலேயே நிறுத்திவைக்கிறது, தனித் தடுப்பு கிடையாது. வீட்டில் மருந்து நிரப்பியவர் குட்டையாகச் செய்துவிட்டால் அடுத்ததன் விளிம்பு உள்ளே தலைநீட்டும், நீளமாகச் செய்தால் கேரியர் ஏறாது. இரண்டும் சிக்கல்தானே? ஜான் பிரவுனிங் வடிவமைத்த 1892-இல் தடுப்பு தனியாக வந்தது. அதுவும் சிக்கும், பாதி இழுத்தால்.

வின்செஸ்டர் 1894 மாடலையும் நானே பிரிக்கலாமா?

வேண்டாம். மார்லின் மாதிரி ஒரே ஸ்குரூவில் முடியாது. பழைய மாடல் மேலே திறந்திருக்கும், குச்சி விட்டுப் பாருங்கள். வராவிட்டால் பட்டறை.

கூர்முனைக் குண்டு போடலாமா?

குழாய் மேகசினிலா? கூடவே கூடாது. முன்னால் இருப்பதன் பிரைமரில் பின்னால் இருப்பதன் முனை இடிக்கும். வின்செஸ்டர் 1895 மாடலுக்குப் பெட்டி மேகசின் வைத்ததற்கு இது ஒரு காரணம். முதல் உலகப்போரில் ரஷ்யா கிட்டத்தட்ட 3 லட்சம் வாங்கியது அதைத்தான். இப்போது குழாய்க்கென்றே மெத்தென்ற முனையுள்ள தோட்டாக்கள் கிடைக்கின்றன.

சென்னையில் ஒன்று வாங்க என்ன செய்யணும்?

அது 1959 ஆயுதச் சட்டம். கமிஷனர் அலுவலகத்தில் கேளுங்கள், என்னிடம் அல்ல.

லீவர் பாதியில் நிற்கிறது, தட்டலாமா?

முதல் பதிலைப் படிங்க தம்பி. சுத்தியல் இன்னும் கையில்தான் இருக்கா?

மாமனார்தான் பேசுகிறேன். என் 1873 நாற்பது வருஷமாகச் சிக்கியதில்லை.

வணக்கம் ஐயா. கடைத் தோட்டாவா, வீட்டில் நிரப்பியதா? ஒன்றை அளந்து நீளம் சொல்லுங்கள், பேசுவோம்.