கெர்பெரோஸா, செர்பரஸா? கிரேக்கப் புராணப் பெயர்களில் எந்த எழுத்துக்கூட்டல் சரி?

இரண்டுமே சரி. பாதாள வாசலைக் காக்கும் மூன்று தலை நாயைக் கிரேக்கர்கள் கெர்பெரோஸ் என்றார்கள். ரோமானியர்கள் லத்தீனில் எழுதும்போது 'கே' (K) எழுத்து இருந்த இடத்தில் 'சி' (C) எழுத்தைப் போட்டார்கள். கடைசி 'ஓஸ்' அவர்களிடம் 'உஸ்' ஆனது. ஆனால் அவர்கள் வாயில் அது அப்போதும் 'க' ஒலிதான். எ, இ ஒலிகளுக்கு முன்னால் வரும் 'சி' பல நூற்றாண்டுகளில் மெல்லத் திரிந்து, ஆங்கிலத்தில் 'ஸ' ஆகிவிட்டது. அதைக் காதால் கேட்டு நாம் செர்பரஸ் என்கிறோம்.

இந்த இரட்டை வடிவம் வானியலில் நன்றாகவே கைகொடுத்தது. புளூட்டோவின் நான்காவது நிலவை 2011-இல் ஹபிள் தொலைநோக்கி மூலம் கண்டுபிடித்தார்கள். பெயருக்கு மக்களிடம் நடத்திய வாக்கெடுப்பில் செர்பரஸ் இரண்டாமிடம் பிடித்தது. ஆனால் அதே பெயரில் ஏற்கெனவே ஒரு சிறுகோள் இருந்தது. அதனால் 2013-இல் கிரேக்க வடிவத்தை எடுத்து, நிலவுக்குக் கெர்பெரோஸ் என்று வைத்தார்கள்.

இதற்கு முன்னோடி புளூட்டோவின் இன்னொரு நிலவான நிக்ஸ். 2005-இல் கண்டுபிடித்த அந்த நிலவுக்கு இரவுத் தெய்வத்தின் பெயர். அந்தப் பெயரிலும் ஒரு சிறுகோள் இருந்ததால், 2006-இல் நிலவுக்குப் பெயர் சூட்டியபோது நடுவிலிருந்த 'ஒய்' எழுத்தை எடுத்துவிட்டு 'ஐ' போட்டார்கள். அந்த 'ஒய்' சும்மா வந்த எழுத்தல்ல. கிரேக்கச் சொற்களை எழுதுவதற்காகவே ரோமானியர்கள் தங்கள் நெடுங்கணக்கில் சேர்த்துக்கொண்டது. வடசொற்களுக்காக நாம் ஸ, ஹ, ஜ வைத்துக்கொண்டது போலத்தான். ஸ்டிக்ஸ், ஹைட்ரா என்ற மற்ற இரண்டு நிலவுகளின் ஆங்கில எழுத்தில் அந்த 'ஒய்' இன்றும் இருக்கிறது.

அக்கா மகளுக்காகப் புளூட்டோவின் குடும்பத்தை ஒரு அட்டையில் வரைந்தேன். ஓரத்தில் அந்த இரண்டு சிறுகோள்களையும் சேர்த்தேன். பெயர் எழுதும்போதுதான் கவனித்தேன்: நிலவுக்கும் நிக்ஸ், சிறுகோளுக்கும் நிக்ஸ். ஆங்கிலத்தில் ஓர் எழுத்து காட்டும் வேறுபாடு தமிழில் மறைந்தே போகிறது. கெர்பெரோஸும் செர்பரஸுமோ முதல் எழுத்திலேயே பிரிந்து நிற்கின்றன.

அதனால் தமிழில் எழுதும்போது நான் பின்பற்றுவது இதுதான்: கதை கிரேக்கருடையது என்றால் கெர்பெரோஸ். நம் 'கெ' அந்த ஒலியை அப்படியே தருகிறது, ஆங்கிலம் வழியாகச் சுற்றிவர வேண்டியதில்லை. சிறுகோளைச் சொல்லும்போது மட்டும் செர்பரஸ். நிக்ஸ் வரும் இடத்தில் நிலவா, சிறுகோளா என்று பக்கத்திலேயே எழுதிவிடுகிறேன்.